மலைச்சாலைக்கு டிரெய்லர் ஹிட்ச்: பொலீரோவில் பொருத்திய முறை

ஹிட்ச், அதாவது டிரெய்லரை இழுக்க வண்டியின் பின்னால் மாட்டும் இணைப்பு, வாங்கப் போனால் கடையில் முதலில் காதில் விழுவது "எத்தனை கிலோ இழுக்கும்" என்ற பேச்சுத்தான். சமவெளியில் ஓடும் வண்டிக்கு அது போதும். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கை இரண்டாவதாக வைக்க வேண்டும். இங்கே ஹிட்சுக்குச் சோதனை வருவது இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவுக்குள் பிரேக் மிதிக்கும் நேரத்தில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். டிரெய்லர் சுமையோடு 750 கிலோ, அதில் பிரேக் இல்லை. பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் வண்டி நின்றிருந்தாலே, பின்னாலிருந்து சுமார் 75 கிலோ விசை தள்ளிக்கொண்டிருக்கும். ஓட்டத்தில் மிதமாக, 0.3 ஜி அளவுக்கு (புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு) பிரேக் பிடித்தால் அதோடு 225 சேரும். மொத்தம் 300. நேர்ச்சாலையில் இது சேசிஸின் நீளவாக்கில் போய்விடும். வளைவில் டிரெய்லர் 45 டிகிரி மடங்கி நிற்கும்போது, இந்த 300-ல் 210 கிலோ பக்கவாட்டில் திரும்பி வண்டியின் பின்பக்கத்தை வெளியே தள்ளும். ரோடு நனைந்திருந்தால் பின் டயருக்கு அதைத் தாங்கும் பிடிப்பு இருக்காது. மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் இப்படி 14 வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி சாலையில் 36.

அதனால் எடுத்த முடிவுகள் மூன்று. பம்பரில் மட்டும் பிடிக்கும் ஹிட்ச் வேண்டாம். சேசிஸின் இரு தண்டுகளிலும், கீழ்முகத்தில் மட்டுமல்லாமல் பக்கச் சுவரிலும் போல்ட் இறங்க வேண்டும். பக்கவாட்டு விசையைத் தாங்குவது அந்தப் பக்கச் சுவர் போல்ட்டுகள்தான். மூன்றாவது, டிரெய்லரில் பிரேக் இருக்க வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவில் 750 கிலோ உச்சவரம்பு உண்டு. மலையில் அதில் பாதிக்கு மேல் ஏற்றுவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

எந்த வண்டிக்கு

பொலீரோ, ஸ்கார்பியோ, தார், ஜிம்னி, கூர்க்கா, இன்னோவா கிரிஸ்டா எல்லாம் ஏணிச் சேசிஸ் வண்டிகள். பின்பக்கம் இரண்டு நீளத் தண்டுகள் தெளிவாகத் தெரியும். ஹிட்சின் பக்கத் தகடுகளை அவற்றில் நேராகப் பிடிக்கலாம். ஸ்விஃப்ட், எர்டிகா, நெக்ஸான் போன்ற மோனோகாக் வண்டிகளில் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகட்டோடு சேர்ந்த மெல்லிய பெட்டித் தண்டுகளுக்குள்தான் போல்ட் போகும். அந்த வண்டிக்கென்றே வடிவமைத்த கிட் இருந்தால் மட்டும் இறங்கலாம். பொதுவான கிட்டை வளைத்து வெட்டிப் பொருத்தினால், போல்ட் பிடித்த இடத்தில் தகடு மெல்ல மெல்லக் கிழியும்.

கிட் பார்ப்பதற்கு முன் வண்டியின் மேனுவலைப் பாருங்கள். இழுவை எடை குறிப்பிட்டிருந்தால் அதுதான் உச்சம். இழுக்கக் கூடாது என்று இருந்தால் எவ்வளவு கனமான ஹிட்ச் போட்டாலும் கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் மாறிவிடப் போவதில்லை. உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் மொத்த எடையில் 10 சதவீதம் குறைக்கச் சொல்வது பல தயாரிப்பாளர்களின் வழக்கம். ஊட்டி 2,240 மீட்டர். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

நல்ல ஹிட்சில் ஒரு சிறு தகடு ரிவெட் அடித்திருக்கும். அதில் இரண்டு எண்கள் முக்கியம்: டி மதிப்பு, எஸ் மதிப்பு. டி என்பது கிலோநியூட்டனில் நீளவாக்கு விசை. வண்டியின் எடையையும் டிரெய்லர் எடையையும் டன்னில் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்கினால் நமக்குத் தேவையான டி கிடைக்கும். வண்டி ஆட்களோடு 2.2 டன், டிரெய்லர் 0.75 டன் என்றால் 5.5 வரும். சாலைக் குழிகளையும் வளைவுகளையும் நினைத்து, தகட்டில் 8-க்குக் குறையாத ஹிட்சை எடுத்தோம். எஸ் என்பது, டிரெய்லர் வந்து உட்காரும் ஹிட்சின் இரும்புப் பந்தின் மேல் செங்குத்தாக இறங்கக்கூடிய எடை. 75 கிலோ இருந்தால் இந்த டிரெய்லருக்குப் போதும். தகடே இல்லாத ஹிட்சை வாங்காதீர்கள். வெல்டிங் பட்டறையில் அடித்துத் தருகிறோம் என்பார்கள். கை திறமையாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் இடமும் வலமுமாக மாறி மாறி வரும் விசையை எத்தனை முறை தாங்கும் என்று சோதிக்க அங்கே வழியில்லை. ஆர்க் வெல்டின் ஓரத்தில் முடிபோல விரிசல் விட்டு, ஒரு நாள் மொத்தமாக வரும்.

பந்தும் உயரமும்

பந்து இரண்டு அளவில் கிடைக்கிறது: ஐஎஸ்ஓ முறையில் 50 மி.மீ., அமெரிக்க முறையில் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 50 மி.மீ. கப்ளரை (பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லரின் தலை) 2 அங்குலப் பந்தில் வைத்தால் முழுமையாகப் பூட்டாது. பூட்டியது மாதிரி தோன்றி, மேடு ஏறி இறங்கும்போது எகிறிவிடும். வெர்னியரில் அளந்து வாங்குங்கள். கப்ளரின் தலையிலும் அளவு பொறித்திருக்கும்.

முழுச் சுமையில், பந்தின் மையம் தரையிலிருந்து 350 முதல் 420 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். பொலீரோவின் சேசிஸ் உயரம் என்பதால் கீழே இறங்கும் டிராப் மவுண்ட் தேவைப்பட்டது. பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். காலி வண்டியில் அளந்து டிராப் தேர்ந்தெடுத்தால், ஆட்களும் மூட்டைகளும் ஏறியதும் பந்து தாழ்ந்துவிடும். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். டிராப் கூடக் கூட ஹிட்சின் மேல் விழும் முறுக்கும் கூடும். 150 மி.மீ. டிராப்பில் 5.5 கிலோநியூட்டன் விசை வந்தால், குறுக்குக் குழாயில் 800 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு விழும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூட இறக்க வேண்டாம்.

எஸ்டேட் ரோடுகளில் இன்னொரு தொல்லை. ரோட்டின் குறுக்கே போகும் மழைநீர் வாய்க்காலில் முன்சக்கரம் ஏறி நிற்கும்போது டிராப் மவுண்ட் தரையில் இடிக்கும். அதனால் நிலையான பந்தைவிட, 2 அங்குலச் சதுர ரிசீவரும் (மவுண்ட் செருகும் குழாய்) கழற்றக்கூடிய மவுண்ட்டும் இங்கே பொருத்தம். டிரெய்லர் இல்லாத நாட்களில் மவுண்ட்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிடலாம். நம்பர் பிளேட்டும் மறையாது.

பொலீரோவுக்கே உரிய சிக்கல் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி. பம்பரைத் தாண்டி அது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லர் மடங்கும்போது, அதன் முன்சுவரின் மூலையும் டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலின் கைப்பிடியும் ஸ்டெப்னியை நெருங்கிவிடும். பந்தைப் பின்னால் தள்ளி வைத்தால் இடம் கிடைக்கும். ஆனால் பின் ஆக்சிலிலிருந்து பந்து தள்ளிப் போகப் போக, அதே பக்கவாட்டு விசை வண்டியை இன்னும் எளிதாகத் திருப்பும். மவுண்ட்டைக் குறுகியதாகவே வைத்து, இடத்தை டிரெய்லர் பக்கத்தில் தேடினோம்: ஜாக்கி வீல் கிளாம்பை, டிரெய்லரின் முக்கோண முன்சட்டமான ஏ-ஃபிரேமில் பின்னுக்கு நகர்த்தினால் போதுமாக இருந்தது. கதவு பக்கவாட்டில் திறப்பதால், சாமான் எடுக்க வேண்டியதை டிரெய்லர் மாட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

காகிதம்

மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு எண்ணும் காப்பீடும் வேண்டும். வண்டியில் செய்யும் மாற்றத்துக்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பொருந்தும். வேலை தொடங்கும் முன்பே ஹிட்சின் தகட்டு விவரங்களோடு ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. விபத்து நடந்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

பொருத்துதல்

வேண்டியவை: கிட், கிட்டோடு வரும் எம்12 போல்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தானாகக் கழலாத புது நைலாக் நட்டு, தடித்த வாஷர், 5, 8, 13 மி.மீ. டிரில் பிட்டுகள், முறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், டிராலி ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், ஜிங்க் பிரைமர், துருப்பிடிக்காமல் தண்டுக்குள் அடிக்கும் கேவிட்டி வேக்ஸ். ஹிட்ச் 20 கிலோவுக்குக் குறையாது; தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் தேவை. நம் ஊரில் சமதரை கிடைப்பது அரிது. முன்சக்கரம் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை கொடுத்த பிறகே பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில்தான் வேலை செய்யும். பின்சக்கரம் தரையை விட்டால் அதனால் பயனில்லை.

முதலில் சைலன்சரின் ஹேங்கர் ரப்பர்களைக் கழற்றிக் குழாயைத் தாழ்த்திக்கொள்ளலாம். சோப்புத் தண்ணீர் தடவினால் ரப்பர் கிழியாமல் வழுக்கி வரும். குழாயை அந்தரத்தில் விடாமல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் வேலை. ஹிட்சின் தகடு சேசிஸில் உட்காரும் இடத்தில் இருக்கும் தார் பூச்சு, சேறு, தடித்த பெயின்ட் எல்லாவற்றையும் உலோகம் தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். போல்ட் முறுக்கும்போது பூச்சு நடுவில் இருந்தால் ரெஞ்ச் சரியான அளவில் 'கிளிக்' என்று சொல்லிவிடும். ஆனால் சில வாரங்களில் பூச்சு நசுங்கி வழிந்து, அந்த அளவுக்கு போல்ட் தளர்ந்துபோயிருக்கும். முறுக்கிய போல்ட் ஏன் தானாக லூஸானது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே பதில். சுரண்டிய இடத்தில் ஜிங்க் பிரைமர் மெல்லிய ஒரு கோட் மட்டும். முழுக்கக் காய்ந்த பிறகே ஹிட்ச் ஏற வேண்டும்.

சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளையே முடிந்தவரை பயன்படுத்துங்கள். பெட்டித் தண்டின் உள்ளே கை போகாத இடத்தில் போல்ட்டை இறக்க, சுருள் கம்பி ஒன்று கிட்டோடு வரும். கம்பியின் நுனியைப் போல்ட் துளை வழியாக விட்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். அதில் முதலில் சதுரத் தகட்டைக் கோத்து, பிறகு போல்ட்டின் மரையைக் கம்பிச் சுருளில் திருகி, இரண்டையும் உள்ளே தள்ளிக் கம்பியை இழுத்தால் போல்ட் துளையில் எட்டிப் பார்க்கும். நட்டு ஏறும்வரை கம்பியைக் கழற்றக் கூடாது. போல்ட் உள்ளே விழுந்துவிட்டால் காந்தக் குச்சியால் தேடி எடுப்பது பெரும்பாடு.

புதுத் துளை தவிர்க்க முடியாதென்றால், தண்டின் மேல்விளிம்பிலோ கீழ்விளிம்பிலோ போடாமல் பக்கச் சுவரின் நடுப்பகுதியில், ஓரத்திலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளிப் போடுங்கள். 5-இல் தொடங்கி 8, பிறகு 13. கட்டிங் ஆயில் விட்டு மெதுவாக. கேஸ் கட்டரோ வெல்டிங்கோ சேசிஸ் பக்கமே வரக் கூடாது. சூடுபட்ட இடத்தின் ஓரத்தில்தான் பின்னாளில் விரிசல் பிறக்கும். துளையின் பிசிறை அராவி, பிரைமர் தொட்டு வையுங்கள்.

பெட்டித் தண்டின் இரு சுவர்களையும் துளைத்துப் போகும் போல்ட்டுக்கு உள்ளே ஸ்லீவ் கட்டாயம். 13 மி.மீ. உள்விட்டம், 21 அல்லது 22 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட கனத்த குழாய்த் துண்டு. வெளிச்சுவரின் துளையை ஸ்லீவ் நுழையும் அளவுக்குப் பெரிதாக்கி, எதிர்ச்சுவரில் முட்டி, வெளிமுகத்தோடு சமமாக நிற்கும்படி லேத்தில் வெட்டி வாங்க வேண்டும். ஸ்லீவ் இல்லாமல் முறுக்கினால் காலி அட்டைப்பெட்டியை அமுக்கியதுபோல இரு சுவரும் உள்வாங்கும். முறுக்க முறுக்கப் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். டார்க் ஏறவே ஏறாது.

ஹிட்சை ஜாக்கில் தூக்கி, எல்லாப் போல்ட்டையும் விரலால் இரண்டு மூன்று மரை ஏற்றிவிட்டுப் பிறகு மையம் பாருங்கள். ரிசீவர் நடுவிலிருந்து இடது, வலது லீஃப் ஸ்பிரிங்கின் முன்பக்கக் கண்ணில் போகும் போல்ட் வரை குறுக்காக அளந்தால் இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. வந்தால் டிரெய்லர் சாலையில் ஒரு பக்கமாகவே நடக்கும். மையம் சரியானதும் முன் போல்ட்டிலிருந்து பின்னோக்கி, இடமும் வலமும் மாறி மாறி, முதலில் பாதி டார்க், பிறகு முழு டார்க். கிட்டின் தாளில் உள்ள எண்ணே முதன்மை. தாள் இல்லையென்றால் எம்12-க்கு 8.8 கிரேடில் 80 நியூட்டன் மீட்டர், 10.9 கிரேடில் 115 என்பது வழக்கமான அளவு. கிரேடு போல்ட் தலையில் பொறித்திருக்கும். எண் இல்லாத போல்ட்டைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பந்தின் நட்டுக்கு நிறைய டார்க் வேண்டும்: முக்கால் அங்குலத் தண்டுக்கு 215 நியூட்டன் மீட்டர், ஓரங்குலத் தண்டுக்கு 340. சாதாரண கார் ஒர்க்ஷாப் ரெஞ்ச் பெரும்பாலும் 200 பக்கத்திலேயே நின்றுவிடும். மவுண்ட்டைக் கழற்றி லாரி ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப்போய், அங்குள்ள நீண்ட ரெஞ்சில் முறுக்கி வருவது எளிது. ரிசீவர் பின் 16 மி.மீ.; அதன் கிளிப்பை மறக்காதீர்கள். ரிசீவருக்குள் மவுண்ட் ஆடாமல் இருக்க ஒரு யு-கிளாம்ப் போட்டால், மலைரோட்டின் அதிர்வில் துளைகள் முட்டை வடிவமாகத் தேய்வது பெரிதும் குறையும்.

வயரிங்

மூடுபனியும் இரண்டு பருவமழையும் உள்ள ஊரில் ஹிட்ச் கெடுவதற்கு முன் வயரிங் கெடும். டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் ஏழு பின் சாக்கெட்டில் இணைப்பு இப்படி:

1 – இடது இன்டிகேட்டர், மஞ்சள்
2 – பின் ஃபாக் விளக்கு, நீலம்
3 – எர்த், வெள்ளை
4 – வலது இன்டிகேட்டர், பச்சை
5 – வலது பார்க் லைட், பழுப்பு
6 – பிரேக் லைட், சிவப்பு
7 – இடது பார்க் லைட், கறுப்பு

இந்த நிறங்கள் சாக்கெட் வயருக்கு மட்டும். வண்டியின் ஹார்னஸில் (வயர்க் கட்டு) நிறம் வேறாக இருக்கும். அங்கே நிறத்தை நம்பாமல், ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகப் போட, இன்னொருவர் மல்டிமீட்டரில் 12 வோல்ட் பார்த்து அடையாளம் ஒட்ட வேண்டும்.

டிரெய்லர் விளக்கை நேராக வண்டி விளக்கின் வயரில் ஒட்டிவிட்டால், இன்டிகேட்டருக்கு 21 வாட் பல்பு கூடுதலாக ஏறி ஃபிளாஷரின் வேகம் மாறும். புதிய வண்டிகளில் விளக்குகளைக் கவனிக்கும் கணினியான பாடி கன்ட்ரோல் யூனிட்டே பழுது காட்டும். அதனால் பைபாஸ் ரிலே பெட்டி போட்டோம். வண்டி விளக்கின் வயர் ரிலேவுக்குச் சைகை மட்டும் கொடுக்கும். மின்சாரம் பேட்டரியிலிருந்து தனியே வரும். ஹசார்ட், பிரேக், பார்க், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தால் 110 வாட், சுமார் 9 ஆம்பியர். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரி முனைக்கு மிக அருகில் 15 ஆம்பியர் ஃபியூஸ். விளக்குகளுக்கு 1.5 போதும்; எர்த்துக்கு மட்டும் 2.5.

வயரைக் குத்திப் பிடிக்கும் நீலக் கிளிப்புகளை இந்த ஊரில் போடவே வேண்டாம். வெளியே நன்றாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சையாகி, தொட்டதும் பொடியாக உதிரும். ஈயம் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். எர்த்தைப் பம்பர் போல்ட்டில் கொடுக்காமல், சுரண்டிய சேசிஸில் தனிப் போல்ட்டில் கொடுத்து மேலே கிரீஸ் பூசுங்கள். சாக்கெட்டின் மூடி கீல் மேலே இருக்கும்படி, நீர் வடியும் துளை கீழே பார்க்கும்படி.

இன்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மினுக்கினாலோ, பிரேக் மிதித்தால் எல்லாம் மங்கினாலோ பல்பை மாற்றிப் பயனில்லை. எர்த் விட்டுப்போய், மின்சாரம் மற்ற பல்புகளின் இழை வழியே திரும்ப வழி தேடுகிறது. பின் 3-ஐப் பாருங்கள்.

மாட்டிப் பார்த்தல்

கப்ளர் பந்தில் விழுந்து கைப்பிடி மூடியதும் முடிந்தது என்று கிளம்பாதீர்கள். ஜாக்கி வீலைச் சுற்றி டிரெய்லரின் மூக்கை மேலே தூக்குங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால்தான் பூட்டியிருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்கின் கீழே குறுக்காக மாட்டினால், கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் தாங்கும். நீளம் முழு வளைவுக்குப் போதும் அளவே இருக்கட்டும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் பிரேக்அவே கேபிளைச் சங்கிலியோடு சேர்க்காமல் தனியே வண்டியின் சேசிஸில் மாட்ட வேண்டும்.

சமமான மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு ஆள் பக்கத்தில் நின்று பார்க்க, மிக மெதுவாக முன்னே ஒரு வட்டம், பிறகு ரிவர்ஸ். ஸ்டெப்னிக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு கை முஷ்டி போகும் இடம் இருக்கும்போதே நிறுத்தி, அந்தக் கோணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் கண்ணாடியில் டிரெய்லர் எப்படித் தெரிகிறது என்பதே அதற்கு அடையாளம்.

மூட்டைகளில் 60 சதவீதம் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கட்டும். மூக்கின் எடையைக் குளியலறைத் தராசில், கப்ளர் உயரத்துக்குக் கட்டை வைத்து அளக்கலாம். 750 கிலோவுக்கு 50 முதல் 75. கேரட் மூட்டை ஏற்றும்போது கதவுப் பக்கமே குவிவது வழக்கம். மூக்கு லேசாகி, இறக்கத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்.

முதல் ஓட்டம் காலி டிரெய்லரோடு, அடுத்து பாதிச் சுமை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், முடிந்தால் அதற்கும் கீழே. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் வர வேண்டும். ஓவர்ரன் பிரேக் (டிரெய்லர் வண்டியைத் தள்ளும் விசையாலேயே பிடிக்கும் பிரேக்) உள்ள டிரெய்லர், நீண்ட இறக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வருவதால் அதன் பிரேக் ஓயாமல் பிடித்தபடியே இருக்கும். குன்னூர் இறக்கத்தின் நடுவில் உள்ள பர்லியாரில் நிறுத்தி, டிரெய்லரின் ஹப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடக் கூடாது, அனல் உறைத்தாலோ கருகல் வாடை வந்தாலோ ஆறிய பிறகே கல்லார் இறங்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் பிரேக் டிரம்மில் விரிசல் விழும்.

50 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் அதே டார்க்கில் பாருங்கள். 500-இல் இன்னொரு முறை. அதன்பின் ஒவ்வொரு சர்வீசிலும். ரெஞ்சுக்கு எந்தப் போல்ட் இன்னும் நகர்கிறதோ அதன் தகட்டடியில் பூச்சு மிச்சம் இருக்கும். கழற்றிச் சுரண்டி, புது நைலாக் போட்டு முறுக்குங்கள். மழைக்காலம் முடிந்ததும் சேசிஸ் துளைகளுக்குள் கேவிட்டி வேக்ஸ் ஒரு முறை. பந்துக்கு மெல்லிய கிரீஸ் பூசலாம்; ஆனால் உராய்வுப் பட்டை உள்ள ஸ்டெபிலைசர் கப்ளர் என்றால் பந்து எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்திருக்க வேண்டும். பந்தை மூன்று நான்கு திசையில் வெர்னியரில் அளந்து, எங்காவது 49 மி.மீ. காட்டினால் அன்றோடு அதைக் கழற்றிவிட்டுப் புதுப் பந்து போடுங்கள்.